இஸ்தோப்பு யாருக்குச் சொந்தம்?



தோட்டத்து லயன்களில் அயலவர்களுக்கிடையே மூளும் சண்டைகளைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுட் பல ஒரு கட்டு விறகில் தொடங்கியவையாக இருக்கும். விறகு இல்லையேல் ஒரு கோழிக்கூடு; அதுவும் இல்லையேல் கால் உடைந்த கட்டில், அல்லது இரவு நேரத்தில் மழைக்கு ஒதுக்கி நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிள். இவற்றுள் ஏதேனும் ஒன்று பக்கத்துக் காம்பராவின் வாசலை இரண்டடி மறைத்துவிட்டாற் போதும். முதலில் முணுமுணுப்பு எழும். பின்னர் பிள்ளைகளின் காதில் விழும்படியாகச் சாடைப் பேச்சு நடக்கும். சில மாதங்களில் அவ்விரு வீட்டாரும் ஒரே நேரத்தில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவதையும் தவிர்த்துக்கொள்வர். தோட்டத் தலைவர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். அங்கும் தீராத வழக்கு பொலிஸ் நிலையம் வரை போகும்.

வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்களிடமும் இவ்வழக்குகள் வந்து சேர்வதுண்டு. முறையிடுகிறவரும் முறையிடப்படுகிறவரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: “சாமி, இஸ்தோப்பு யாருக்குச் சொந்தம்?”

நகரங்களிலிருந்து இப்பத்தியை வாசிப்போருக்காக ஒரு சிறு விளக்கம். லயன் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களின் தொடர். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு எனக் காம்பராக்களின் தொகை இடத்துக்கு இடம் மாறும். சில லயன்களில் அவை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குப் பின்வாசலே கிடையாது. பழைய காம்பரா ஒன்றின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதன் முன்னே, லயனின் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை நீளுகின்ற ஒடுங்கிய திண்ணையே இஸ்தோப்பு. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. சிங்களத்திலும் ஏறத்தாழ அவ்வாறே வழங்குகிறது. மலைச்சரிவிற் கட்டப்பட்ட பல லயன்களில் இஸ்தோப்பு நிலமட்டத்திலிருந்து உயர்ந்து நிற்கும். முன்னே கான் ஓடும். இறங்குவதற்கான படிகள் சில இடங்களில் மட்டுமே இருக்கும். ஆகவே, நடுக் காம்பராவில் வாழும் முதியவர் ஒருவர் படியை அடைய வேண்டுமானால் மூன்று நான்கு வீட்டாரின் வாசலைக் கடந்தே செல்ல வேண்டும்.

ஏன் இத்தனை சிறிய இடம்? இதற்கு விடை காண நாம் கோப்பிக் காலத்துக்குச் செல்ல வேண்டும். 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கப்பட்ட பின்னர் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்களுள் பெரும்பாலானோர் பருவகாலத் தொழிலாளர்களே. பழம் பறிக்கும் மாதங்களில் வருவர். வேலை முடிந்ததும் ஊர் திரும்புவர். தலையிலே ஒரு மூட்டை, கையிலே ஒரு சட்டி. அவர்களை இரவில் மழைக்கும் பனிக்கும் ஒதுக்கி வைக்க ஒரு கூரை போதும் என்று துரைமார் எண்ணினர். அந்த எண்ணத்தின் அளவுதான் காம்பராவின் அளவு. பின்னர் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தொழித்தது. தேயிலையோ பருவத்துக்கு ஒருமுறை பறித்து முடிக்கும் பயிரன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து தளிர்க்கும். நாள் தவறினால் முற்றிவிடும். அதற்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். எனவே பெண்கள் வந்தனர், குடும்பங்கள் நிலைகொண்டன, குழந்தைகள் பிறந்தனர். ஒரு மூட்டைக்காக வகுக்கப்பட்ட அறையில் ஒரு குடும்பம் வாழத் தொடங்கியது. அக்குடும்பத்தின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் பல தோட்டங்களில் இன்றுவரை அதே அறையிலேயே வாழ்கின்றனர்.

வாசகர்களே, இஸ்தோப்பில் என்னென்ன கிடக்கின்றன என்று சற்று நின்று பாருங்கள். அங்குள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலாவதாக மிலாறு. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகள்தாம் தோட்டத்து அடுப்புக்கு விறகு. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் மே மாதமளவில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டெம்பர் வரை வெயிலைக் காண்பது அரிது. மழைக்கு முன் சேர்த்துக் காயவைக்காத வீட்டில் அடுப்பு எரியாது. காயவைத்த விறகை எங்கே அடுக்குவது? உள்ளே அடுக்கினால் படுக்க இடமில்லை. வெளியே அடுக்கினால் ஒரே இரவில் ஊறிவிடும். எரிவாயு அடுப்பு வாங்கியவர்கள் விறகை விட்டுவிடலாமே என்று கேட்போர், 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற அவ்வாண்டில், மாடி வீடுகளிற்கூட விறகு தேடினார்கள். அதன்பின் தோட்டத்துப் பெண்ணிடம் விறகைக் கைவிடச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அடுத்து, அலுமாரி. மகளுக்குத் திருமணம் செய்து கொடுக்கும் தாய், பல ஆண்டுகள் சீட்டுப் பிடித்து, கொழுந்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஓர் அலுமாரியும் கட்டிலும் வாங்கி அனுப்புகிறாள். மணமகன் வீட்டுக் காம்பராவில் ஏற்கனவே இரண்டு தலைமுறையினர் படுக்கின்றனர். அலுமாரி வாசலைத் தாண்டி உள்ளே போக மறுக்கிறது. இஸ்தோப்பிலே நிற்கிறது. அதன்மேல் ஒரு பொலித்தீன் விரிப்பு. புதுப்பெண்ணின் மானமெல்லாம் அந்தப் பொலித்தீனுக்குக் கீழேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டார் அதை வெறுமனே “வழியை அடைக்கும் சாமான்” என்று கூறும்போது அவள் அழுவது அலுமாரிக்காக மட்டுமா?

கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பிய குளிர்சாதனப் பெட்டியின் அட்டைப்பெட்டி, கொழுந்துக் கூடைகள், படங்குச் சாக்கு, முள்ளு, மண்வெட்டி, மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பு, பழுதான தொலைக்காட்சி, இறந்துபோன பாட்டனாரின் சாய்மனைக் கதிரை. இவை தவிர, இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து மேலும் ஓர் அறையாக்கிக்கொண்ட வீடுகளும் ஏராளம். அவற்றைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

தெளிவத்தை ஜோசப் அவர்களின் ‘மீன்கள்’ என்ற சிறுகதையை வாசித்தவர்கள், வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் வாழ நேரும் ஒரு குடும்பத்தின் நெருக்கடி எத்தகையது என்பதை அறிவர். 2022 இல் மறைந்த அவர் எழுதியது இடத்தைப் பற்றி மட்டுமன்று. இடமின்மை மனிதரின் நாணத்தைக்கூடப் பறித்துவிடும் என்பதைப் பற்றியது. இஸ்தோப்புச் சண்டைக்கு மத்தியஸ்தம் செய்யப் போகிறவர்கள் அக்கதையை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

இதுவரை கூறியதைக் கேட்டு, சாமி சாமான் வைப்பவர்களின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுங்கள்.

இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி எடுக்கிறது என வைத்துக்கொள்வோம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிவடைந்த 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டி, தோட்டப் பாதையில் ஏறி லயனுக்குக் கீழே வந்து நிற்கிறது. வண்டிக்கும் கட்டிலுக்கும் இடையே இருப்பது இஸ்தோப்பு. நோயாளியைத் தூக்கும் படுக்கையின் இருபக்கமும் ஆட்கள் நிற்க வேண்டும். அங்கே விறகு இருக்கிறது; மோட்டார் சைக்கிளின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது; நாய் கட்டப்பட்டிருக்கிறது. மழையில் கானைத் தாண்டிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாகிறது. மரண வீடுகளிலும் இதேதான். பெட்டியை வெளியே கொண்டுவரும் வேளையில் பக்கத்து வீட்டு அலுமாரியை அவசரமாக நகர்த்துவதும், அதனால் எழும் முணுமுணுப்பும் துக்க வீட்டாருக்கு எத்தகைய வேதனையைத் தரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

கண்பார்வை மங்கிய முதியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் சுவரைத் தடவியே நடப்பவர்கள். நேற்று இல்லாத வாளி இன்று இருந்தால் அவர்களுக்கு அது பள்ளம். ஓய்வுபெற்ற பின்னர் தோட்டத்தில் தொழிலும் இல்லை, தொழிற்சங்கத்திற் குரலும் இல்லை என்ற நிலையில் வாழும் ஒரு விதவைத் தாய், “தம்பி, இதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்” என்று ஒருமுறை கேட்பார். இரண்டாம் முறை கேட்கமாட்டார். பின்னர் தம் நடமாட்டத்தையே குறைத்துக்கொள்வார். இஸ்தோப்பு வழக்குகளில் மிகவும் பாதிக்கப்பட்டவர் எவரோ அவர் வழக்குக் கொண்டுவருவதே இல்லை. சத்தம் போடத் தெரிந்த இருவர்தாம் வருகின்றனர்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தீ. லயனில் தீப்பற்றினால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கூரை ஒன்று, அதைத் தாங்கும் மரங்கள் ஒன்றோடொன்று இணைந்தவை, மின்கம்பிகளோ பல இடங்களில் பழையவை. லயன் தீயில் முழு வரிசையும் கருகி, பத்துக் குடும்பங்கள் உடுத்த துணியோடு பாடசாலை மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ தங்க நேர்ந்த செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் வாசித்திருக்கிறோம். நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி ஏறி வருவதற்குள் கூரை இறங்கிவிடுகிறது. அத்தகைய கூரையின் கீழே, ஒரு தலையிலிருந்து மறுதலை வரை உலர்ந்த மிலாற்றை அடுக்கி, அதன் நடுவே பெற்றோல் நிரப்பிய மோட்டார் சைக்கிளையும் நிறுத்தி வைப்பது, தீக்குச் சாலை அமைத்துக் கொடுப்பதாகும். இதைச் செய்துவிட்டு “எங்களுக்கு வேறு இடமில்லை” என்று கூறுவது போதிய பதிலன்று. இருநூறு ஆண்டு கால அநீதி உண்மை. 2023 இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோது நாமும் அதைச் சொன்னோம். ஆனால் அவ்வநீதியைச் செய்தவர் பக்கத்துக் காம்பராவிலிருக்கும் மூதாட்டி அல்லர். அவருடைய வாசலை அடைத்து வரலாற்றுக்குப் பழி தீர்க்க இயலாது.

இனி, யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருவோம்.

கொழும்பின் தொடர்மாடி வீட்டில் வாழ்பவருக்கு இக்கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டம், வீடு எது, எல்லோருக்கும் பொதுவான பகுதி எது என்று பிரித்துக் காட்டுகிறது. படிக்கட்டும் நடைவழியும் பொது. லயனில் வாழ்பவர் நிலையோ வேறு. அவர் வீட்டுக்காரரும் அல்லர். முறையான வாடகைக் குடியிருப்பாளரும் அல்லர். நிலம் அரசாங்கத்துக்குரியது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தின்கீழ் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அவற்றின் குத்தகைக் காலம் 2045 வரை என வகுக்கப்பட்டது. உறுதிப் பத்திரம் இல்லாத காம்பராவுக்கு இஸ்தோப்பின் எல்லையை எந்தப் பத்திரத்தில் தேடுவது? அதுமட்டுமன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வாக்களித்தவனின் வாசலில் ஒரு கான் வெட்டிக் கொடுக்கவும் சபைக்குக் கையில்லை. 2018 இல்தான் அத்தடை திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. இன்னும் எத்தனை லயன்வாசிகள் ஓர் இஸ்தோப்பு விடயத்துக்காகப் பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதியிருக்கின்றனர்? அப்படி எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

ஆகவே சொந்தம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் இவ்வழக்கு தீராது. எவருக்கும் உறுதிப் பத்திரம் இல்லாத இடத்தில் குரல் உயர்ந்தவனே உரிமையாளன் ஆகிவிடுகிறான். அவ்வழியே நடக்க வேண்டியவர் யார் யார் என்று கேட்போமாயின் விடை எளிதாகக் கிடைக்கும். இரவில் வலி எடுத்தவர் நடக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளை நடக்க வேண்டும். கண் தெரியாதவர் நடக்க வேண்டும். அவர்கள் நடப்பதற்குத் தேவையான அகலம் எவருடைய சாமானுக்கும் உரியதன்று.

உலகின் பிற இடங்களில் இதை எவ்வாறு கையாளுகின்றனர் என்று பார்ப்பதிற் பயனுண்டு. இங்கிலாந்தில் தொடர்மாடி வீடுகளின் தீப்பாதுகாப்புக்காக 2011 இல் உள்ளூராட்சி மன்றங்களுக்கென வெளியிடப்பட்ட வழிகாட்டி, பொது நடைவழி தொடர்பாக இரு முறைகளைக் கூறுகிறது. ஒன்று, எந்தப் பொருளையும் அனுமதிக்காத முறை. மற்றையது, கால்மிதி, பூச்சாடி போன்ற சிலவற்றை வரம்புக்குள் அனுமதிக்கும் முறை. நம் தமிழ் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரின் அடுக்குமாடிகளில், பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீற்றர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு வெளியே பூச்சாடியோ காலணி அடுக்கோ இருந்தால் பொதுவாகக் குறை கூறுவதில்லை. அங்கு சென்று வந்தவர்கள், “பாருங்கள் சாமி, எவ்வளவு ஒழுங்கு! நம்மவர்களுக்கு அது வராது” என்கின்றனர். இதை நான் ஏற்பதில்லை. அங்குள்ள வீடுகளிற் பலவற்றின் உள்ளேயே சாமான் வைப்பதற்கென ஓர் அறை உண்டு. முறைப்பாடு செய்தால் வந்து பார்க்க நகர மன்றத்தில் ஆள் உண்டு. ஒழுங்கு என்று நாம் வியப்பது பாதி இடவசதியே. அந்த அறையை எடுத்துவிட்டு, 120 சதுர அடியில் ஆறு பேரைக் குடியமர்த்தினால் சிங்கப்பூரின் நடைவழியிலும் விறகு முளைக்கும்.

எனவே எனது கருத்து இதுவே. வைப்பதற்கு இடம் காட்டாமல் எடுக்கச் சொல்லும் கட்டளை, அது தோட்ட நிர்வாகத்தின் அறிவித்தலாக இருந்தாலும் தலைவரின் தீர்ப்பாக இருந்தாலும், மூன்று வாரத்துக்குமேல் நிற்காது. மழை வந்ததும் விறகு திரும்பவும் இஸ்தோப்பில் ஏறிவிடும். ஒவ்வொரு லயனுக்கும் பக்கவாட்டில், கூரையிலிருந்து விலகி, ஒரு பொது விறகுக் கொட்டில் வேண்டும். நான்கு கம்பும் சில தகரமும் போதும். உள்ளே வீட்டுக்கு ஒரு தட்டு எனப் பலகையாற் பிரித்துவிடலாம். நிலத்துக்குக் கம்பனி அனுமதி தர வேண்டும். தகரத்தைப் பிரதேச சபையிடம் கேட்கலாம். உழைப்பை லயனில் உள்ளவர்களே தருவார்கள். சபையிடம் பணமில்லை என்று கூறப்படுமானால் நம் பங்குகளின் நிலையையும் கேட்க விரும்புகிறேன். ஒவ்வொரு கிறிஸ்மஸ் காலத்திலும் உலருணவுப் பொதி வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோமே, ஓராண்டு அப்பொதிக்குப் பதிலாக ஒரு லயனுக்குத் தகரம் வழங்கினால் என்ன குறைந்துவிடும்? பொதி பத்து நாளில் முடிந்துவிடும்.

கொட்டில் வரும்வரை காத்திருக்க முடியாதவையும் சில உண்டு. பெற்றோல், மண்ணெண்ணெய், எரிவாயு சிலிண்டர் ஆகியவை விறகுக்கு அருகே இருக்கலாகாது. மோட்டார் சைக்கிளை வாசலுக்குக் கீழே இறக்கிப் பொலித்தீனால் மூடுங்கள். அது துருப்பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் துருவுக்கு மருந்து உண்டு. பூச்சிமருந்துப் போத்தலைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டும். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு பயிரிடும் நுவரெலியாப் பக்கத்தில் அப்போத்தல் இஸ்தோப்பின் மூலையில் சாதாரணமாக நிற்கும். 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெத்தோயேற், பென்தியன் என்னும் மூன்று மருந்துகள் நம் நாட்டிற் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அதன்பின் மருந்தருந்தி மாண்டோரின் தொகை குறைந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். கொடிய மருந்து கைக்கெட்டாத போது உயிர்கள் தப்பின. பொது இஸ்தோப்பில் நிற்கும் போத்தல் ஒரு வீட்டின் கோபத்துக்கு மட்டுமன்றி, லயனில் உள்ள பத்து வீட்டின் கோபத்துக்கும் எட்டும் தூரத்தில் நிற்கிறது. அதைப் பூட்டி வையுங்கள்.

மற்றவற்றைப் பேசித் தீர்க்கலாம். எப்படிப் பேசுவது என்பதிலேதான் பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போகின்றன. மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில், தவறு செய்த சகோதரனை அணுகும் வரிசை ஒன்றை ஆண்டவர் காட்டுகிறார்: முதலில் தனியாகப் பேச வேண்டும், கேளாவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும், அதன்பின்னரே சபையிடம் கூற வேண்டும். நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் லயனுக்கே கேட்கும்படி வாசலில் நின்று கத்துகிறோம். பிறகு தலைவரிடம் போகிறோம். தனியாகப் பேசுவது மட்டும் கடைசி வரை நிகழ்வதில்லை. தனியாகப் போகிறவர் சம்பள நாளின் மாலையிலோ, குடித்திருக்கும் வேளையிலோ போகலாகாது. பிள்ளைகள் மூலம் செய்தி அனுப்பலாகாது. “எடுங்கள்” என்று தொடங்குவதைவிட, “இதை எங்கே வைக்கலாம், நானும் ஒரு கை பிடிக்கிறேன்” என்று தொடங்குவது மேல். ஞாயிறு முற்பகலில் எல்லோரும் சேர்ந்து, இருவர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு லயனின் ஒரு தலையிலிருந்து படி வரை நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சுண்ணாம்பினால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குச் சுவர்ப்பக்கம் வீட்டாருக்கு, மறுபக்கம் வழிக்கு. இத்தகைய கோட்டை ஒருவர் போட்டால் அது அவமதிப்பு. எல்லோரும் சேர்ந்து போட்டால் அது எல்லை.

தனி வீடுகள் வந்தால் இப்பிரச்சினையே இராது என்பர். 2015 இன் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியில் வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017 மே 12 இல் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 550 சதுர அடியில் அமைந்த அவ்வீடுகளுட் சிலவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேற்றுவரை விறகுக்காக அடித்துக்கொண்ட அதே மனிதர்கள் அங்கே பின்வாசலில் அழகாக அடுக்கி வைத்திருக்கின்றனர். அவர்களுக்கு யாரும் ஒழுக்கப் பாடம் நடத்தவில்லை. பின்வாசல் ஒன்று கிடைத்தது. ஆயினும் லயனில் காத்திருப்போர் இன்னும் பலர். அவர்களுக்கு வீடு வரும் ஆண்டை எவரும் கூறுவதில்லை; மழை வரும் மாதம் மட்டும் தெரியும்.

அடைக்கப்பட்ட இஸ்தோப்பைப் பற்றிப் பின்னர் கூறுவதாகச் சொன்னேன். வழக்குகளில் கடினமானது அதுவே. விறகை நகர்த்தலாம், அலுமாரியைத் திருப்பி வைக்கலாம். பலகை அடித்து அடைத்த அந்த மூலையிலோ, பெரும்பாலும் பருவமடைந்த ஒரு மகள் படுத்துறங்குகிறாள், அல்லது க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் ஒரு மேசை போட்டிருக்கிறான். அண்ணனும் தம்பியும் தாயும் தகப்பனும் படுக்கும் அறையில் அவளுக்கு உடைமாற்ற இடமில்லை. அப்பலகையைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது வழியை அடைக்கிறது என்று முறையிடும் அயலவர் கூறுவதும் பொய்யன்று. இரு பக்கத்தாரும் உடன்பட்ட சில லயன்களில் ஒரு வழி கண்டிருக்கின்றனர். அடைப்பின் இரு முனையிலும் கதவு வைத்திருக்கின்றனர். தாழ்ப்பாள் உட்புறமாக உள்ளது, பூட்டுக் கிடையாது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஆள் நடக்கும் அகலத்தை விட்டிருக்கின்றனர். பகலில் அக்கதவுகள் திறந்தே இருக்கின்றன. இரவில் அவசரம் என்று யாரேனும் தட்டினால், அந்தப் பிள்ளை எழுந்து திறந்துவிடுகிறாள்.